பழைய ஜீப்பில் இன்ஜின் சூடாகிறதா? ரேடியேட்டரை மாற்றும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

மகிந்திரா எம்.எம். 540, மேஜர், கமாண்டர் போன்ற பழைய டீசல் ஜீப்களை இன்னும் மலையேற்றி ஓட்டுபவர்களுக்காக எழுதியது இது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஆகட்டும், வார இறுதியில் ஆற்று மணலிலும் சேற்றிலும் இறக்கும் ஜீப் ஆகட்டும், கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். இந்த வண்டிகளில் காசை எங்கே முதலில் போட வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அது பதில்களில் தெரியும்.

ஹைவேயில் 70-ல் போனால் முள் அசையவே இல்லை. காட்டுப் பாதையில் ஏறினால் மட்டும் சூடு ஏறுகிறது. ஏன்?

எந்தச் சூழ்நிலையில் சூடாகிறது என்று கவனித்தாலே பாதி நோய் பிடிபட்டுவிடும். வேகமாக ஓடும்போது எதிர்க்காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகுந்துவிடும், ஃபேனுக்குப் பெரிய வேலை கிடையாது. ஃபர்ஸ்ட் கியரில் ஏற்றம் ஏறும்போது எதிர்க்காற்று இல்லை, இன்ஜின் மட்டும் முழு பாரம் இழுக்கிறது. டீசலை எரித்துக் கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதை வெளியேற்ற அப்போது ஃபேன் ஒன்றே கதி. ஆகவே மெதுவாகப் போகும்போது மட்டும் சூடாகிறது என்றால் குறை காற்றில்: ஃபேன், அதன் கூண்டு, பெல்ட், மண் அடைத்த ஃபின்கள் (ரேடியேட்டர் ட்யூப்களுக்கு நடுவே உள்ள மெல்லிய தகடுகள்).

இதற்கு நேர்மாறாக, ஹைவேயில் நீண்ட நேரம் வேகமாக ஓட்டும்போதுதான் ஏறுகிறது என்றால் குறை தண்ணீர் ஓட்டத்தில்: உள்ளே உப்புப் படிந்த ட்யூப்கள், தேய்ந்த வாட்டர் பம்ப், உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ். இரண்டிலுமே ஏறுகிறது என்றால் ஹெட் கேஸ்கட்டையும் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) சந்தேகிக்க வேண்டும்.

அப்படியானால் பெரிய ரேடியேட்டர் போட்டுவிட்டால் தீர்ந்துவிடாதா?

எல்லோரும் முதலில் போவது அங்கேதான். என்னைக் கேட்டால் அது மூன்றாவது வேலை. கம்பெனியிலிருந்து வந்தபோது இந்த ஜீப்கள் இதே மலைகளில்தான் ஓடின. அன்று போதுமாக இருந்த ரேடியேட்டர் இன்று போதவில்லை என்றால், நடுவில் ஏதோ கெட்டிருக்கிறது, அல்லது ஏதோ கழற்றி எறியப்பட்டிருக்கிறது. முதலில் இருப்பதைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு காற்றுப் பாதையைச் சரிசெய்யுங்கள். அதற்கும் மேல் போதவில்லை என்றால் ரேடியேட்டர். கெட்டுப்போன பம்பையும் கூண்டில்லாத ஃபேனையும் வைத்துக்கொண்டு புது ரேடியேட்டர் மாட்டினால் அடுத்த கோடையில் அதே இடத்தில்தான் நிற்க வேண்டிவரும்.

கழற்றி எறியப்பட்டது என்றால் எதைச் சொல்கிறீர்கள்?

ஃபேன் ஷ்ரௌடை. ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேனைச் சுற்றி வரும் தகரக் கூண்டு. பெல்ட் மாற்றும்போது இடைஞ்சல் என்று ஒரு மெக்கானிக் கழற்றுவார், திரும்ப மாட்ட மாட்டார். வண்டி நான்கு கை மாறிய பிறகு அப்படி ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாது. நான் பார்க்கும் பழைய ஜீப்களில் இது இல்லாதவையே அதிகம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒரு கணக்கில் சொல்கிறேன். கோர், அதாவது ட்யூபும் ஃபின்னும் சேர்ந்த ரேடியேட்டரின் நடுப்பகுதி, 20 அங்குலத்துக்கு 18 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 360 சதுர அங்குலம். ஃபேனின் விட்டம் 16 அங்குலம் என்றால் அது மறைக்கும் வட்டம் 200 சதுர அங்குலம்தான். கூண்டு இல்லாவிட்டால் அந்த வட்டத்துக்கு நேரே இருக்கும் பகுதி வழியாக மட்டும் காற்று வரும், நான்கு மூலைகளும் சும்மா கிடக்கும். அது போதாதென்று, பிளேடு முனையைச் சுற்றி இன்ஜின் பக்கத்துச் சூடான காற்றையே ஃபேன் திரும்ப இழுத்து வீசிக்கொண்டிருக்கும். கூண்டு மாட்டினால் மொத்த கோரும் வேலை செய்யத் தொடங்கும். ரேடியேட்டரைத் தொடாமலேயே ரேடியேட்டர் பெரிதானதுபோல.

அசல் கூண்டு கிடைக்காவிட்டால் டிங்கர் பட்டறையில் தகரத்தில் செய்துகொள்ளலாம். மூன்று அளவுகளைக் கவனியுங்கள். பிளேடின் அகலத்தில் பாதி கூண்டுக்குள்ளும் பாதி வெளியேயும் இருக்க வேண்டும். முழுக்க உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் பலன் குறையும். பிளேடு முனைக்கும் கூண்டுக்கும் அரை முதல் முக்கால் அங்குலம் இடைவெளி விடுங்கள். இன்ஜின் மவுன்டிங் ரப்பர் தேய்ந்திருந்தால் ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது இன்ஜின் ஒரு பக்கம் சாயும், பிளேடு கூண்டில் அடிக்கும். ஆகவே மவுன்டிங்கை முதலில் பார்த்துவிட்டுக் கூண்டு அளவெடுங்கள். கூண்டு கோரின் நான்கு ஓரத்தையும் மூட வேண்டும், நடுவில் மட்டும் அல்ல.

இதோடு, ரேடியேட்டருக்கும் முன் கிரில்லுக்கும் நடுவே பக்கவாட்டில் உள்ள சந்துகளைப் பழைய ட்யூப் ரப்பரை வெட்டி அடைத்துவிடுங்கள். காற்று சுலபமான வழியில் நழுவிப் போகும் குணமுடையது. சந்து இருந்தால் கோருக்குள் நுழையாமல் அந்தப் பக்கமாகப் போய்விடும். கிட்டத்தட்ட செலவே இல்லாத வேலை இது.

மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடச் சொல்கிறார். ‘நம்ம ஊர் வெயிலுக்கு அது வேண்டாம்’ என்கிறார். செய்யலாமா?

வேண்டாம். தயவுசெய்து செய்யாதீர்கள். தெர்மோஸ்டாட் என்பது கூலன்ட் பாதையில் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வு; திறந்த பிறகு அது தண்ணீரைத் தடுப்பதில்லை. 82 டிகிரி தெர்மோஸ்டாட் அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குள் முழுதாகத் திறந்துவிடும். கழற்றிவிட்டால் என்ன நடக்கும்? சமவெளியில் சாதாரண ஓட்டத்தில் இன்ஜின் போதிய சூட்டுக்கே வராது. டீசல் இன்ஜின் குளிர்ச்சியாக ஓடினால் எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் இறங்கி ஆயிலைக் கெடுக்கும், லைனரும் ரிங்கும் சீக்கிரம் தேயும், மைலேஜ் குறையும், காலையில் புகை அதிகம். இன்னொன்றும் உண்டு: சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும், ஏற்றத்தில் சூடு இன்னும் கூடும்.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். ஒரு பாத்திரத் தண்ணீரில் தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியில் படாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானியையும் வைத்து அடுப்பில் ஏற்றுங்கள். அதன் மேல் பொறித்துள்ள டிகிரியை ஒட்டி வால்வு மெல்ல விலகுவது கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் கொதிக்கும்போது வால்வு நன்றாகத் திறந்து நிற்க வேண்டும். இறக்கிவைத்து ஆறியதும் முழுதாக மூட வேண்டும். பாதியில் நின்றால் தூக்கிப்போட்டுவிட்டு புதிது வாங்குங்கள். வண்டியில் இதைவிடச் சல்லிசான பாகங்கள் குறைவு.

ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறதா என்று கழற்றாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

துப்பாக்கிபோல் பிடித்துப் பார்க்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பழைய வண்டி வைத்திருப்பவருக்கு அது பலவகையில் உதவும். இன்ஜின் நன்றாகச் சூடாகித் தெர்மோஸ்டாட் திறந்த பிறகு, முன்பக்கத்திலிருந்து கோரின் மேல் வரிசை வரிசையாகக் குறிவைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். மேல் டாங்கிலிருந்து கீழ் டாங்கு வரை சீராகக் குறைந்துகொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு பட்டை மட்டும் சுற்றுப்புறத்தைவிட 15, 20 டிகிரி குளிர்ந்திருந்தால் அந்த ட்யூப்களில் தண்ணீர் ஓடவில்லை என்று அர்த்தம். கறுப்புப் பெயின்ட் அடித்த கோரில்தான் இந்த அளவு சரியாக வரும். பளபளக்கும் உலோகத்தில் தவறாகக் காட்டும். அங்கே ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மேல் அளவெடுங்கள்.

அடைப்பு லேசாக இருந்தால் ஃப்ளஷ் செய்து பார்க்கலாம். கெட்டியாக இருந்தால் ரேடியேட்டர் பட்டறையில் மேல், கீழ் டாங்கைப் பிரித்து ஒவ்வொரு ட்யூபிலும் மெல்லிய தகட்டுக் கம்பி விட்டுச் சுத்தம் செய்வார்கள். ட்யூப்கள் அரித்துப்போயிருந்தால் பழைய டாங்கை வைத்துக்கொண்டு கோரை மட்டும் புதிதாகப் போட்டுவிடலாம்.

காப்பர் நல்லதா, அலுமினியம் நல்லதா?

காப்பர் கடத்தும் திறனில் அலுமினியத்தை மிஞ்சும் என்பது உண்மை. ஆனால் ‘காப்பர் ரேடியேட்டர்’ என்று நாம் சொல்வதில் ஃபின்தான் காப்பர், ட்யூப் பித்தளை, இணைப்பு ஈயம். அலுமினியத்தில் ட்யூபை அகலமாக வைக்க முடியும், இடையில் ஈயமும் இல்லை, எடையும் குறைவு. அதனால் நல்ல அலுமினிய ரேடியேட்டர் சூட்டை வெளியேற்றுவதில் காப்பருக்குக் குறைந்ததல்ல.

என் தேர்வு இருந்தாலும் காப்பர்-பித்தளைதான். காரணம் பழுதுபார்ப்பு. காட்டில் ஒரு கல் அடித்து ஓட்டை விழுந்தால் மறுநாள் தேனியிலோ பொள்ளாச்சியிலோ ஈயம் பற்றவைத்து வாங்கிவிடலாம். தேவைப்பட்டால் ஒழுகும் ட்யூபை இரண்டு பக்கமும் நசுக்கி மூடிவிட்டு வீடு வந்து சேரலாம். அலுமினியத்தை ஒழுங்காக வெல்டிங் செய்பவர் கிடைப்பது அரிது. பிளாஸ்டிக் டாங்கு வைத்த அலுமினிய ரேடியேட்டரில் டாங்கு விரிசல் விட்டால் கதை முடிந்தது.

எத்தனை வரிசை ட்யூப் போடலாம்? நான்கு வரிசை போட்டால் நல்லதுதானே?

இரண்டு வரிசையிலிருந்து மூன்றுக்குப் போனால் தெளிவாகத் தெரியும். மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது லாபம் குறைந்துவிடும். பின் வரிசைக்கு வரும் காற்று முன் வரிசைகளைத் தொட்டு ஏற்கெனவே சூடேறியிருக்கும். கோர் தடிமனாக ஆக, காற்று உள்ளே புகுவதும் கடினம். மெதுவாக ஏறும்போது பலமில்லாத ஃபேனால் அதை இழுக்க முடியாது. இடம் இருந்தால் தடிமனைக் கூட்டுவதைவிட அகலத்தையோ உயரத்தையோ கூட்டுங்கள். மேலும், தடிமன் கூடினால் ஃபேனுக்கும் கோருக்கும் உள்ள இடைவெளி குறையும் என்பதையும் அளந்து பாருங்கள்.

எலக்ட்ரிக் ஃபேன் மாட்டலாமா?

மாட்டலாம், ஆனால் கணக்குப் பார்த்து. பழைய ஜீப்பில் ஆல்டர்னேட்டர் சிறியது. 16 அங்குல ஃபேன் ஒன்று ஓடும்போதே 15 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும், தொடங்கும் நொடியில் அதைவிட அதிகம். ஹெட்லைட், கூடுதல் விளக்கு, வைப்பர் எல்லாம் சேர்ந்தால் இரவில் மழையில் ஏறும்போது பேட்டரி இறங்கிவிடும். ஆல்டர்னேட்டரைப் பெரிதாக்காமல் இதில் இறங்காதீர்கள். ஃபேனுக்குத் தனி ரிலே, தனி ஃபியூஸ், தடிமனான ஒயர், ரேடியேட்டர் பக்கம் வெப்ப சுவிட்ச், டேஷ்போர்டில் ஒரு கைச் சுவிட்ச். ஒழுங்கான எர்த் கொடுங்கள்; ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று வரும் புகார்களில் பல எர்த் கோளாறுதான்.

இதன் பெரிய நன்மை தண்ணீர் கடக்கும்போது. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃபேன் ஆழமான தண்ணீரில் இறங்கினால் பிளேடு முன்பக்கமாக வளைந்து கோரைக் கிழித்துவிடும். எலக்ட்ரிக் ஃபேன் என்றால் இறங்குமுன் சுவிட்சை அணைத்துவிடலாம். பெல்ட் ஃபேன் வண்டியில் தண்ணீர் ஃபேன் வரை வரும் என்று தெரிந்தால், கிரில்லுக்கு முன் ஒரு தார்ப்பாயைக் கட்டி, நிற்காமல் மெதுவாகக் கடந்து, அக்கரையில் உடனே அவிழ்த்துவிடுங்கள்.

அடிக்கடி தண்ணீரில் இறங்காத வண்டிக்கு, நல்ல கூண்டுக்குள் அசல் பெல்ட் ஃபேனே போதும் என்பது என் கருத்து. ஒயர் இல்லை, ஃபியூஸ் இல்லை, பெல்ட் இருக்கும்வரை சுற்றும். பெல்ட் இறுக்கத்தை மட்டும் பாருங்கள்: நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியை அதிக அழுத்தம் உள்ளதாக மாற்றினால் கொதிக்காது என்கிறார்களே?

பாதி சரி. மூடி தாங்கும் அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும், சூடு குறையாது. ஆனால் மலையில் இதற்கு ஒரு முக்கியமான காரணம் உண்டு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம்; அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம்) மூடி போட்ட ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் சென்னையில் 111 டிகிரி வரை தாங்கும், ஊட்டியில் 106 அளவில் கொதிக்கும். 13 பி.எஸ்.ஐ. மூடி என்றால் ஊட்டியிலும் 115 வரை தாங்கும். அதாவது உயரம் பறித்துக்கொள்வதை மூடி திருப்பித் தருகிறது.

ஆனால் பழைய ஈயப் பற்றும் பழைய ஹோஸும் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று பட்டறையில் காற்றடித்துச் சோதித்த பிறகே மாற்றுங்கள். கையேட்டில் சொன்ன அளவைத் தாண்டிக் கண்டபடி கூட்ட வேண்டாம். கூடவே ஒரு வழிந்தோடும் பாட்டிலும் மாட்டுங்கள். சூட்டில் விரிந்து வெளியேறும் கூலன்ட், ஆறும்போது மூடியில் உள்ள சிறு வால்வு வழியாகத் திரும்பி வரும். பாட்டில் இல்லாத வண்டியில் அது ரோட்டில் போகும், இடத்தில் காற்று வந்து உட்காரும்.

கூலன்ட் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு?

நம் ஊரில் உறைபனிக்காகக் கூலன்ட் ஊற்றுவதில்லை. துருவைத் தடுக்கவும், கொதிநிலையைச் சற்று உயர்த்தவும், பம்ப் சீலைக் காக்கவும். சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் சிறந்தது, கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் கூடக் கூட அந்தத் திறன் குறையும். கூலன்ட் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமலும் பாதிக்கு மேல் போகாமலும் இருக்கட்டும். மீதிக்கு டிஸ்டில்ட் வாட்டர். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம்; ட்யூப்களை அடைக்கும் வெள்ளை உப்பு அங்கிருந்துதான் வருகிறது. ஈயப் பற்று உள்ள காப்பர்-பித்தளை ரேடியேட்டருக்கு உகந்ததா என்று கேனில் பார்த்து வாங்குங்கள், வேறு வேறு வகையைக் கலக்காதீர்கள், நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள். பழைய கூலன்ட்டைத் தரையில் ஊற்ற வேண்டாம். அது இனிக்கும், நாய்கள் நக்கிக் குடிக்கும், அது கொடிய விஷம்.

ஹோஸில் கவனிக்க என்ன இருக்கிறது?

கீழ் ஹோஸ் பம்ப் உறிஞ்சும் பக்கம். உள்ளே ஸ்ப்ரிங் இல்லாத, ஊறிப்போன ஹோஸ் ரேஸ் கொடுக்கும்போது சப்பையாக ஒட்டிக்கொள்ளும். ஒருவரை ஆக்சிலரேட்டர் மிதிக்கச் சொல்லி நீங்கள் ஹோஸைப் பாருங்கள். அப்படியே பம்பின் அடியில் உள்ள சிறு துளையையும் பாருங்கள்; அங்கே கசிவுத் தடம் இருந்தால் சீல் போய்விட்டது.

போனட்டின் பின்பக்கத்தைத் தூக்கி வைத்தால் சூடு வெளியேறுமா?

நிற்கும்போதும் தவழும்போதும் வெளியேறும். வேகமாகப் போகும்போது கண்ணாடிக்கு அடியில் காற்றழுத்தம் அதிகம் என்பதால் காற்று அந்தச் சந்து வழியாக உள்ளே தள்ளப்படலாம், ரேடியேட்டர் வழியாக வரும் காற்று அதனால் குறையும். போனட்டின் நடுப்பகுதியிலோ பக்கங்களிலோ துளைக் கிரில் வைப்பது இதைவிட மேல். அதற்கு முன்னால் கிரில்லின் முன் மாட்டியுள்ள வின்ச், ஸ்பாட் லைட், பெரிய நம்பர் பிளேட் ஆகியவற்றைப் பாருங்கள். காற்றை முன்னால் மறித்துவிட்டுப் பின்னால் வழி வெட்டுவதில் பயனில்லை.

டேஷ்போர்டு முள்ளை நம்பலாமா?

பழைய மீட்டரை முழுக்க நம்பாதீர்கள். டிகிரி எண் போட்ட, தனி சென்சார் உள்ள மீட்டர் ஒன்று மாட்டுங்கள். இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும்: ஹோஸ் வெடித்துக் கூலன்ட் முழுதும் கொட்டிவிட்டால் சென்சார் தண்ணீரில் இல்லாமல் காற்றில் நிற்கும், முள் ஏறாமல் இறங்கக்கூடக் கூடும். ஓட்டுபவர் நிம்மதியாகப் போய்க்கொண்டிருப்பார், ஹெட் வளைந்துவிடும். ஆகவே மேல் டாங்கில் கூலன்ட் மட்டம் குறைந்தால் கத்தும் அலாரம் ஒன்று போடுங்கள். இந்தப் பட்டியலில் கூண்டுக்கு அடுத்து நான் காசு போடச் சொல்வது இதற்குத்தான்.

டர்போ இன்ஜின் மாற்றிப் போட்டிருக்கிறேன். பழைய ரேடியேட்டர் போதுமா?

போதாது. சக்தி கூடினால் வெளியேற்ற வேண்டிய சூடும் அதே விகிதத்தில் கூடும். அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதன் ரேடியேட்டர் பரப்புக்குக் குறையாமல் வேண்டும். இன்டர்கூலரோ ஏசி கண்டென்சரோ முன்னால் வந்தால் இன்னும் அதிகம். இன்ஜின் மாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் ஏற்றவும் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதைச் சொல்கிறது.

எல்லாம் சரிசெய்தும் செங்குத்தான ஏற்றத்தில் முள் ஏறுகிறது. ஓட்டுவதில் என்ன மாற்றலாம்?

மண், கல் பாதையில் ஃபோர் லோ (நான்கு சக்கர இழுவையில் குறைந்த வேக கியர்) போடுங்கள். அதே நடை வேகத்தில் இன்ஜின் வேகமாகச் சுற்றும், அதனால் பம்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றும், திணறலும் குறையும். தார் ரோட்டில் போடாதீர்கள், டிரைவ் லைன் முறுக்கிக்கொள்ளும். ஹை ரேஞ்சில் திணறத் திணற ஏற்றுவதுதான் பல ஜீப்கள் சூடாவதற்குக் காரணம். கரும்புகை கக்கினால் டீசல் பம்ப், இன்ஜெக்டர், டைமிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அளவுக்கு மீறி டீசல் போனால் சூடும் மீறும்.

நடுக்காட்டில் கொதித்துவிட்டால்?

முள் சிவப்பை நெருங்கும்போதே நிறுத்துங்கள். கூலன்ட் வெளியே கொட்டாமல் இருந்தால் இன்ஜினை உடனே அணைக்காமல், நியூட்ரலில் ஐடிலைவிடச் சற்று உயர்த்தி ஓடவிடுங்கள். ஃபேன் காற்று ஓடிக்கொண்டிருந்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் முள் இறங்கத் தொடங்கும். ஹோஸ் வெடித்தாலோ பெல்ட் அறுந்தாலோ அந்த நொடியே அணைத்துவிடுங்கள். மூடியைத் திறக்காதீர்கள். துணி போட்டுப் பிடித்தாலும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பிடிக்க முடியும் அளவுக்கு ஆறும் வரை, அரை மணி, முக்கால் மணி ஆனாலும் காத்திருங்கள். பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்து, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். நின்ற சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழும்.

ஊற்றிய பின் மூடியைத் திறந்துவைத்தே ஒரு நிமிடம் உள்ளே பாருங்கள். விடாமல் குமிழி வந்துகொண்டிருந்தால் எரிப்பு வாயு ஹெட் கேஸ்கட் வழியாகக் கசிகிறது. அந்த வண்டியை அதற்கு மேல் ஏற்றாதீர்கள். மெதுவாக இறக்கிக்கொண்டு வந்து ஹெட்டைக் கழற்றிப் பாருங்கள்.